ஃபைட்டிங் ஹராடா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானியக் குத்துச்சண்டை என்றால் இன்று எல்லோர் வாயிலும் வருகிற பெயர் நவோயா இனோவே. அவரைப் பற்றித் தேடிப் படிக்கப் போகிறவர்கள் எங்கேயாவது ஓரிடத்தில் ஹராடா என்ற பெயரில் வந்து நிற்பார்கள். 'ஹராடாவுக்குப் பிறகு', 'ஹராடாவைப் போல' என்று ஜப்பானிய விமர்சகர்கள் எழுதுவார்களே தவிர, யார் அந்த ஹராடா என்று விளக்க மாட்டார்கள். அங்கே அதற்குத் தேவையில்லை. நமக்குத் தேவைப்படுகிறது. பலரும் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

ஹராடா யார்? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

மசஹிகோ ஹராடா. 1943 ஏப்ரல் 5 அன்று தோக்கியோவின் செத்தகாயா பகுதியில் பிறந்தவர். 'ஃபைட்டிங் ஹராடா' என்பது வளையப் பெயர். 1960 முதல் 1970 வரை தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்; 62 போட்டிகளில் 55 வெற்றி, 7 தோல்வி. ஃப்ளைவெயிட், பாண்டம்வெயிட் என்ற இரண்டு பிரிவுகளிலும் உலகப் பட்டம் வென்றவர். இரண்டு வெவ்வேறு எடைப் பிரிவுகளில் உலக வாகையர் ஆன முதல் ஜப்பானியர் அவர்தான்.

இரண்டு பிரிவு என்பது பெரிய விஷயமா? இப்போது நான்கு பிரிவுகளில் வென்றவர்களே இருக்கிறார்களே?

இந்தக் கேள்வி வராத இடமே இல்லை. அன்றைய கணக்கையும் இன்றைய கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று 17 எடைப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் பட்டம் தரும் பெரிய அமைப்புகள் நான்கு. ஆக, ஒரே நேரத்தில் 68 உலகப் பட்டங்கள் புழக்கத்தில் இருக்கலாம். ஹராடாவின் காலத்தில் ஃப்ளைவெயிட்தான் ஆகச் சிறிய பிரிவு: 50.8 கிலோ. அதற்குக் கீழே எதுவும் இல்லை. லைட் ஃப்ளைவெயிட் 1975இலும் மினிமம்வெயிட் 1987இலும்தான் வந்தன. ஃப்ளைவெயிட்டுக்கு மேலே நேராக பாண்டம்வெயிட், 53.5 கிலோ. இடையில் இன்று இருக்கிற சூப்பர் ஃப்ளைவெயிட் 1980இல் பிறந்தது. பாண்டமுக்கு மேலே ஃபெதர்வெயிட், 57.1 கிலோ. இவற்றுக்கு நடுவில் இன்று இனோவே ஆட்சி செய்கிற சூப்பர் பாண்டம் அப்போது கிடையாது.

அதாவது, பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளி பெரியது. ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே ஒரு வாகையர்தான். நாற்காலிகள் குறைவு, உட்காரக் காத்திருந்தவர்கள் அதிகம். ஃப்ளைவெயிட்டிலும் பாண்டம்வெயிட்டிலும் உலகப் பட்டம் வென்ற முதல் மனிதர் ஹராடா. உலகத்திலேயே முதல்வர், ஜப்பானில் மட்டும் அல்ல.

குத்துச்சண்டைக்கு எப்படி வந்தார்?

வறுமைதான் கொண்டுவந்து சேர்த்தது. தந்தை தோட்டக்கலைத் தொழிலாளி. அவருக்கு அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது, பள்ளிப் படிப்பைத் தாண்டாத மகன் அக்கம்பக்கத்து அரிசிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வேலை முடிந்ததும் தகேஷி சசசாகியின் பயிற்சிக்கூடம். சசசாகி போருக்கு முந்தைய தலைமுறையில் புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர். கண்டிப்புக்கும் பேர்போனவர். அந்தக் கண்டிப்பின் கதை கீழே எடைக் குறைப்பு பற்றிய கேள்வியில் வரும்.

அந்தக் காலத்தையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1952 மே மாதம் யோஷியோ ஷிராய் என்பவர் ஹவாயைச் சேர்ந்த தாதோ மரினோவை வென்று ஜப்பானின் முதல் உலக வாகையர் ஆனார். போரில் தோற்று, அந்நியப் படையின் ஆட்சியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த நாட்டுக்கு அது வெறும் விளையாட்டுச் செய்தி அல்ல. 1954 நவம்பரில் அர்ஜென்டினாவின் பஸ்குவால் பெரெஸிடம் ஷிராய் பட்டத்தை இழந்தார். அதன் பிறகு எட்டு ஆண்டு வெற்றிடம். அதே எட்டு ஆண்டுகளில் வீடுகளுக்குள் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. வாரந்தோறும் குத்துச்சண்டை ஒளிபரப்பானது. பார்ப்பதற்குக் கூட்டம் தயார், கொண்டாடுவதற்கு வாகையர்தான் இல்லை. ஹராடா 16 வயதில் வளையத்துக்குள் கால் வைத்தது அந்த நேரத்தில்.

அவருடன் சேர்த்துப் பேசப்படும் எபிஹாரா, அவோகி யார்?

ஒரே காலத்தில் கிளம்பிய மூன்று இளைஞர்கள். ஹராடா, ஹிரோயுகி எபிஹாரா, கட்சுதோஷி அவோகி. ஜப்பானிய ரசிகர்கள் மூவரையும் ஒரு குழுவாகவே பார்த்தார்கள். எபிஹாராவும் அவோகியும் இடக்கையர்கள், ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கிறவர்கள். ஹராடாவிடம் அந்த இடிக்குத்து இல்லை. ஓயாத கைகள்தான் இருந்தன. ஆனால் 1960 டிசம்பரில் புதுமுகங்களுக்கான போட்டித் தொடரின் இறுதிச் சுற்றில் எபிஹாராவைத் தோற்கடித்தவர் ஹராடா. 1964இல் அவோகியை மூன்றாவது சுற்றில் நாக் அவுட் செய்தவரும் அவரே. எபிஹாரா பின்னாளில் உலக ஃப்ளைவெயிட் வாகையர் ஆனார். ஆக அந்தப் புதுமுகப் போட்டியில் மோதிக்கொண்டவர்கள் இருவருமே வருங்கால உலக வாகையர்கள். நான்கு பேர் முன்னால் நடக்கிற தொடக்க நிலைப் போட்டிகளை நான் விடாமல் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

19 வயதில் உலகப் பட்டம் எப்படிக் கிடைத்தது?

இன்னொருவர் விட்டுப்போன இடத்தில் நின்றதால்.

1962இல் உலக ஃப்ளைவெயிட் வாகையர் தாய்லாந்தின் போன் கிங்பெட்ச். பெரெஸை வீழ்த்திப் பட்டம் வென்றவர். தாய்லாந்தின் முதல் உலக வாகையர். தோக்கியோவில் அவரை எதிர்கொள்ள வேண்டியவர் சதாவோ யாவோய்தா என்ற மூத்த வீரர். யாவோய்தா திடீரென்று ஓய்வு பெற்றுவிட்டார். போட்டி ஏற்பாடாகிவிட்டது, எதிராளி இல்லை. தரவரிசையில் கீழே இருந்த, அந்த ஆண்டு ஜூனில்தான் மெக்சிகோவின் எட்முண்டோ எஸ்பார்சாவிடம் வாழ்க்கையின் முதல் தோல்வியைச் சந்தித்திருந்த ஹராடாவுக்கு அந்த இடம் வந்தது. வெல்வார் என்று பந்தயம் கட்டியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

1962 அக்டோபர் 10, குராமே கொகுகிகான் அரங்கம். சுமோ நடக்கிற இடம் அது. போன் உயரமானவர், நீண்ட இடக்கைக் குத்தால் எதிராளியைத் தள்ளியே வைத்திருப்பார். ஹராடா அந்தக் கைக்கு அடியில் புகுந்து போனார். முதல் சுற்றிலிருந்து புகுந்துகொண்டே இருந்தார். 11ஆம் சுற்றில் போனை மூலையில் மடக்கி நிறுத்தாமல் குத்தினார். எண்ணிப் பார்த்தவர்கள் எண்பதுக்கும் மேல் என்கிறார்கள். போன் கயிற்றின்மேல் சரிந்து அமர்ந்த நிலையில் நடுவர் பத்து எண்ணி முடித்தார். சுற்று முடிய ஒரு நொடிதான் பாக்கி. எட்டு ஆண்டு வெற்றிடம் அங்கே முடிந்தது.

பிறகு ஏன் மூன்றே மாதத்தில் பட்டம் போயிற்று?

மறுபோட்டி பாங்காக்கில், 1963 ஜனவரி 12 அன்று. 15 சுற்றுகள் முழுதும் நடந்து, புள்ளிக்கணக்கில் போன் வென்றார். ஊர்ச் சத்தம், தோக்கியோவின் குளிர்காலத்திலிருந்து பாங்காக்கின் வெக்கைக்குப் போனது என்று ரசிகர்கள் பல காரணம் சொல்வார்கள். போன் நல்ல குத்துச்சண்டை வீரர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃப்ளைவெயிட் வரலாற்றில் இழந்த பட்டத்தை மீட்ட முதல் ஆள் அவர். ஆனால் என் பார்வையில் முதன்மைக் காரணம் தராசு. ஹராடாவின் உடம்பு அப்போதே ஃப்ளைவெயிட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது.

எடைக் குறைப்பு பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, உண்மையில் என்ன நடந்தது?

ஹராடாவின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை.

அவர் நன்றாகச் சாப்பிடுகிறவர். வளர்கிற வயதில் மூட்டை தூக்கிய உடம்பு. போட்டி இல்லாத நாட்களில் எடை மளமளவென்று ஏறிவிடும். போட்டி அறிவித்ததும் அத்தனையையும் இறக்க வேண்டும். இன்று போட்டிக்கு முந்தைய நாள் எடை பார்க்கிறார்கள். அதன் பிறகு ஒரு முழு நாள் குடித்து, சாப்பிட்டு, தூங்கித் தேறலாம். அன்று எடை பார்த்தது போட்டி நாளன்றே. காலையில் தராசில் நின்றவன் அன்றிரவே 15 சுற்று ஆட வேண்டும். உடம்பிலிருந்து உறிஞ்சி எடுத்த நீரை மறுபடி சேர்க்க நேரமே இருக்காது.

பயிற்சிக்கூடத்தில் ஹராடா தண்ணீர் குடித்துவிடக் கூடாது என்று குழாய்களைக் கம்பியால் கட்டி வைத்தார்கள் என்பது ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த கதை. குழாய் கிடைக்காதபோது கழிப்பறைத் தொட்டியில் இருந்த தண்ணீரைப் பார்த்து, அதைக் குடித்துவிடலாமா என்று தோன்றியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதை வீரத்தின் அடையாளமாக எடுத்துச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருபது வயதுகூட நிரம்பாத பையனை அந்த நிலைக்குக் கொண்டுபோனது அன்றைய விதிமுறையும் பயிற்சி முறையும். நீரில்லாத உடம்பில் தலையில் விழும் குத்து கூடுதல் ஆபத்து என்பது இன்று எல்லோருக்கும் தெரியும்.

இதன் மறுபக்கமும் உண்டு. தராசுக்காக இவ்வளவு வாடியவர் வளையத்துக்குள் 15 சுற்றும் கை ஓயாமல் குத்தினார். எப்படி முடிந்தது என்று உடலியல் தெரிந்தவர்களே வியக்கிற இடம் அது. பாண்டம்வெயிட்டுக்கு மாறியபோது கூடுதலாகக் கிடைத்தது 2.7 கிலோ. நமக்கு அது ஒரு பொருட்டில்லாத எடை. அவருக்கு அதுதான் மூச்சு விடும் இடம். ஆனால் அங்கேயும் உடம்பு வளர்ந்தது, மறுபடி அதே பட்டினி. 1968இல் பாண்டம் பட்டத்தை இழந்ததற்கும் இதே காரணத்தைத்தான் பலரும் சொல்கிறார்கள்.

பாண்டமில் நேராக வெற்றியா?

இல்லை, பலத்த அடியோடு தொடங்கியது. 1963 செப்டம்பரில் மெக்சிகோவின் ஹோசே மெடல் அவரை ஆறாவது சுற்றில் நிறுத்திவிட்டார். மெடல் பின்வாங்கிக்கொண்டே காத்திருந்து, எதிராளி பாய்ந்து வரும் கணத்தில் குத்துகிறவர். பாய்வதையே தொழிலாகக் கொண்டிருந்த ஹராடாவுக்கு அதைவிடப் பொருத்தமற்ற எதிராளி கிடையாது.

இந்தத் தோல்வி இன்னொரு வகையில் முக்கியம். பாண்டம்வெயிட் வாகையராக அப்போது இருந்த எடெர் ஜோஃப்ரே அதே மெடலை இரண்டு முறை நாக் அவுட் செய்தவர். அவோகியை 1963 ஏப்ரலில் தோக்கியோவுக்கே வந்து மூன்றாவது சுற்றில் முடித்தவர். மெடலிடம் வீழ்ந்த ஹராடா, மெடலை வீழ்த்திய ஜோஃப்ரேவிடம் என்ன ஆவார் என்று கணக்குப் போடுவது யாருக்கும் கடினமாக இருக்கவில்லை.

ஜோஃப்ரே அவ்வளவு பெரிய ஆளா?

பாண்டம்வெயிட் வரலாற்றில் ஒரே ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால் இன்றும் பலர் சொல்கிற பெயர் அது. பிரேசிலின் சாவ் பாவ்லோக்காரர். குத்துச்சண்டைக் குடும்பம், தந்தைதான் பயிற்சியாளர். சைவ உணவுக்காரர் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான தகவலாக இருக்கும். 1965இல் ஜப்பானுக்கு வந்தபோது தொழில்முறையில் ஒரு தோல்விகூட இல்லாதவர். 78 போட்டிகள் ஆடி முடித்த அவருடைய மொத்த வாழ்க்கையிலும் தோல்விகள் இரண்டே இரண்டு. இரண்டும் ஹராடாவிடம். வேறு எதையும் சொல்லாமல் இந்த ஒரு வரியை மட்டும் ஹராடாவின் கல்வெட்டில் பொறித்தாலும் போதும்.

முதல் போட்டியில் ஹராடா எப்படி வென்றார்?

1965 மே, நகோயா. பந்தயக் கணிப்புகள் எல்லாம் ஜோஃப்ரே பக்கம்.

ஜோஃப்ரே இரண்டு கையாலும் வீழ்த்தத் தெரிந்தவர், தற்காப்பிலும் குறை சொல்ல முடியாதவர். ஆனால் அவருக்குக் குத்துவதற்கு ஒரு நொடி அமைதி வேண்டும்: கால் ஊன்ற, தூரம் அளக்க, எதிராளி என்ன செய்வான் என்று படிக்க. ஹராடா கொடுக்க மறுத்தது அந்த ஒரு நொடியைத்தான். மணி அடித்ததும் நெருங்கினார், நெருங்கியதும் குத்தினார், ஜோஃப்ரே பதில் குத்துக்குத் தயாராகும்போது மறுபடி நெஞ்சோடு நெஞ்சாக நின்றார். மெடலிடம் வாங்கிய பாடமும் தெரிந்தது. முன்புபோல் நேர்கோட்டில் பாயவில்லை. தலையையும் தோளையும் அசைத்துக்கொண்டே நுழைந்தார். நான்காம் சுற்றில் ஹராடாவின் குத்தில் ஜோஃப்ரே தள்ளாடினார். அடுத்த சுற்றில் ஜோஃப்ரே திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு பத்துச் சுற்று இழுபறி.

தீர்ப்பு 2–1 என்று பிரிந்தது. ஜோஃப்ரே வென்றதாக நினைக்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பதிவைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்வதானால், வலுவான குத்துகளை மட்டும் எண்ணினால் ஜோஃப்ரே பக்கம் சாய வாய்ப்பு உண்டு. போட்டி யார் விருப்பப்படி நடந்தது என்று பார்த்தால் ஹராடாவைத் தவிர வேறு விடை வராது.

மறுபோட்டி?

1966 மே 31, தோக்கியோவின் நிப்பான் புதோகான். இந்த முறை தீர்ப்பில் பிளவில்லை. மூவரும் ஹராடா என்றார்கள். முதல் போட்டியில் அதிர்ஷ்டம் என்று பேசியவர்களின் வாய் அடைந்தது அன்றுதான்.

அரங்கத்துக்கு வெளியே நடந்ததும் சொல்ல வேண்டியது. அந்த ஒளிபரப்பின் பார்வையாளர் விகிதம் 63.7 சதவீதம். ஜப்பானில் எல்லா நிகழ்ச்சிகளையும் சேர்த்து எடுக்கும் பட்டியலிலேயே இது இன்றும் மேல்வரிசையில் இருக்கிறது. 1964 ஒலிம்பிக் மகளிர் கைப்பந்து இறுதிப் போட்டி 66.8, மல்யுத்த வீரர் ரிகிதோசானின் 1963 போட்டி 64.0; அவற்றுக்கு அடுத்த படியில் ஹராடா நிற்கிறார். நான்கு வாரம் கழித்து அதே புதோகானில் பீட்டில்ஸ் பாடினார்கள். அந்த அரங்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பீட்டில்ஸைச் சொல்லிவிட்டு ஹராடாவை விட்டுவிடுவது எனக்குச் சற்று எரிச்சல்தான்.

வேறு யாரிடமிருந்து பட்டத்தைக் காத்தார்?

நான்கு முறை. 1965 நவம்பரில் பிரிட்டனின் ஆலன் ரட்கின், 1966இல் ஜோஃப்ரே, 1967 ஜனவரி 3 அன்று மெடல், அதாவது பழைய கணக்கைத் தீர்த்த போட்டி, அதே ஆண்டு ஜூலையில் கொலம்பியாவின் பெர்னார்டோ கராபாயோ.

நாக் அவுட் 22தானே? அப்படியானால் குத்தில் வலு இல்லாதவரா?

இன்றைய ரசிகர்கள் முதலில் பார்ப்பது நாக் அவுட் விகிதத்தை. அதை வைத்து ஹராடாவை அளந்தால் ஒன்றும் விளங்காது.

அவருடைய உலகப் பட்டப் போட்டிகள் மொத்தம் பத்து. ஆறு வெற்றி, நான்கு தோல்வி. ஆறு வெற்றிகளில் நாக் அவுட் ஒன்றே ஒன்று, போனுக்கு எதிரான அந்த 11ஆம் சுற்று. பாண்டமில் ஆடிய பட்டப் போட்டிகள் ஆறும் முழு 15 சுற்று போயின. கூட்டிப் பாருங்கள்: 90 சுற்று, நான்கரை மணி நேரச் சண்டை. எதிரே நின்றவர்கள் ஜோஃப்ரே, மெடல், அடுத்த கேள்வியில் வரும் லயனல் ரோஸ் போன்றவர்கள். இன்று உலகப் பட்டப் போட்டி 12 சுற்றுதான். பதின்மூன்றாவது, பதினான்காவது சுற்றில் கைகளைத் தூக்குவதே பாடாக இருக்கும்போது, ஹராடா அங்கேதான் வேகம் கூட்டினார். அவருடைய ஆயுதம் ஒற்றைக் குத்து அல்ல. மூன்று நிமிடமும் எதிராளியை நிம்மதியாக நிற்கவிடாத தொடர்ச்சி. பேய்மழை மாதிரி என்று சொன்னால் சரியாக இருக்கும்: ஒரு துளி யாரையும் சாய்க்காது, ஆனால் குடை தாங்காது.

பாண்டம் பட்டத்தை யாரிடம் இழந்தார்?

ஆஸ்திரேலியாவின் லயனல் ரோஸிடம், 1968 பிப்ரவரி இறுதியில், தோக்கியோவில். ரோஸ் ஆஸ்திரேலியப் பழங்குடிகளான அபொரிஜின் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தச் சமூகத்திலிருந்து வந்த முதல் உலக வாகையர். அப்போது அவருக்கு 19 வயது. அவரும் வேறொருவருக்குப் பதிலாக, குறுகிய கால அறிவிப்பில் வந்தவர். ஆறு ஆண்டுக்கு முன் ஹராடா போனுக்குச் செய்ததை, அதே வயதில், அதே வழியில் ரோஸ் ஹராடாவுக்குச் செய்தார். ஒன்பதாம் சுற்றில் ஹராடாவைக் கீழே தள்ளினார். 15 சுற்று முடிவில் தீர்ப்பு ஒருமனதாக ரோஸ் பக்கம். ஜப்பானிய மண்ணில், ஜப்பானிய வாகையருக்கு எதிராக வந்த நேர்மையான தீர்ப்பு என்று அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அடுத்த கேள்வி அதற்கு நேர்மாறானது.

சிட்னியில் நடந்தது அநியாயமா?

ஆம் என்றே நினைக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

பாண்டமை விட்ட ஹராடா ஃபெதர்வெயிட்டுக்கு ஏறினார். 1969 ஜூலை 28, சிட்னி. எதிரில் பாரிஸில் பிறந்து மெல்போர்னில் வளர்ந்த ஜானி ஃபேமஷோன், உலகக் குத்துச்சண்டைக் கழகத்தின் ஃபெதர்வெயிட் வாகையர். வென்றால் ஹராடாவுக்கு மூன்றாவது பிரிவில் பட்டம். அதுவரை மூன்று பிரிவுகளில் வென்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அன்று புள்ளி போடும் பொறுப்பு ஒரே ஒருவரிடம்: நடுவர் வில்லி பெப். அமெரிக்கர், அவரே முன்னாள் ஃபெதர்வெயிட் வாகையர், தற்காப்புக் கலையில் ஒப்பில்லாதவர். ஹராடா ஐந்தாம் சுற்றில் ஒரு முறை விழுந்தார். ஃபேமஷோன் விழுந்தது மூன்று முறை: இரண்டாம், பதினொன்றாம், பதினான்காம் சுற்றுகளில். கடைசி மணி அடித்ததும் பெப் இருவர் கையையும் உயர்த்தினார், சமன் என்று. பிறகு அவருடைய புள்ளி அட்டையைச் சரிபார்த்தபோது கூட்டலில் பிழை இருப்பது தெரிந்தது. திருத்திய கணக்கில் ஃபேமஷோன் ஒரே ஒரு புள்ளியில் வெற்றி. உள்ளூர்க்காரர் வென்றும் ஆஸ்திரேலிய ரசிகர்களிடமிருந்தே கூச்சல் எழுந்தது.

பெப் மோசடி செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒதுங்கி, நழுவி, குத்து வாங்காமல் ஆடுவதையே கலையாகக் கொண்டிருந்த ஒருவரிடம் புள்ளி அட்டையைக் கொடுத்தார்கள்; அவர் கண்ணுக்கு ஃபேமஷோனின் ஆட்டம் அழகாகத் தெரிந்திருக்கும். குற்றம், ஒரே ஆளை நம்பி உலகப் பட்டத்தை ஒப்படைத்த முறையில் இருக்கிறது.

அதன் பிறகு?

1970 ஜனவரி 6 அன்று தோக்கியோவில் மறுபோட்டி. பத்தாம் சுற்றில் ஃபேமஷோனை வீழ்த்தினார் ஹராடா. ஆனால் நேரம் போகப் போக ஃபேமஷோன் தேறிக்கொண்டார். 14ஆம் சுற்றில் ஹராடா நாக் அவுட் ஆனார். கடைசிச் சுற்றுகளில் எதிராளியை மூழ்கடிப்பதே தொழிலாக இருந்தவர் கடைசிச் சுற்றுகளில் தோற்றார் என்றால், அந்த உடம்பில் மிச்சம் எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். அத்துடன் ஓய்வு. வயது 26.

ஓய்வு பெற்ற பின் என்ன செய்தார்?

பயிற்சிக்கூடம் நடத்தினார், தொலைக்காட்சியில் விமர்சகராக வந்தார், ஜப்பானியத் தொழில்முறைக் குத்துச்சண்டைச் சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தார். அதே பதவியில் பின்னாளில் அமர்ந்த ஹிதேயுகி ஓஹாஷிதான் இனோவேயின் பயிற்சிக்கூட உரிமையாளர். 1995இல் ஹராடாவின் பெயர் அமெரிக்காவில் உள்ள சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழரங்கில் சேர்ந்தது. அதில் இடம்பெற்ற முதல் ஜப்பானிய வீரர் அவர். அடுத்தவரான யோகோ குஷிகெனுக்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனோவேயா, ஹராடாவா? யார் பெரியவர்?

கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். திறமையை மட்டும் பார்த்தால் இனோவே. வேகம், குத்தின் வலு, தொலைவைக் கணிக்கும் கண், எதிலும் ஹராடாவைவிட ஒரு படி மேல். பாண்டம், சூப்பர் பாண்டம் இரண்டிலும் நான்கு அமைப்புகளின் பட்டங்களையும் ஒன்றுசேர்த்தவர்.

தனி ஒரு வெற்றியின் கனத்தைப் பார்த்தால் என் ஓட்டு ஹராடாவுக்கு. இனோவே வீழ்த்தியவர்களில் நொனிதோ தோனைர் மிகப் பெரிய பெயர்; ஆனால் 2019இல் முதல் முறை மோதியபோது தோனைருக்கு 36 வயது, ஏற்கெனவே பல தோல்விகளும் கண்டவர். ஹராடா எதிர்கொண்ட ஜோஃப்ரே 29 வயதில், தோல்வியே அறியாதவராக வந்தார். தோற்ற பிறகும் ஜோஃப்ரே தீர்ந்துபோகவில்லை. மூன்றாண்டு ஓய்வுக்குப் பின் திரும்பி வந்து, 1973இல் 37 வயதில் ஃபெதர்வெயிட்டில் உலகப் பட்டம் வென்றார். அப்படிப்பட்டவரை இரண்டு முறை வென்றவர் வேறு யாரும் இல்லை.

பழைய பதிவுகளைப் பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

கறுப்பு வெள்ளைப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. போனுக்கு எதிரான 11ஆம் சுற்றை முதலில் பாருங்கள். மூன்று நிமிடத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அடுத்து ஜோஃப்ரேவுடனான முதல் போட்டி, முடிந்தால் முழுவதும். ஒலியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் நீங்களே புள்ளி போட்டுப் பாருங்கள். ஃபேமஷோன் போட்டியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் புள்ளி போடுங்கள், கூட்டும்போது மட்டும் கவனம்.